ஸ்லோ குக்கரில் நாய்க்குச் சமைப்பது: சாறு, கால்சியம், எலும்பு

பதிவு 1 — வாலாட்டி

வணக்கம். எங்கள் வீட்டு நாய்க்கு ஆறு வயது, எடை 10 கிலோ, கருத்தடை செய்யப்பட்டது, ஓடியாடுவதைவிட உறங்குவதில் நாட்டம் மிகுந்தது. இரண்டு மாதங்களாக அதற்கு ஆறு லிட்டர் ஸ்லோ குக்கரில்தான் (மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரம்) சமைத்து வருகிறேன். எலும்பும் தோலும் நீக்கிய கோழித் தொடைக்கறி ஒன்றரைக் கிலோ, வெள்ளை அரிசி 400 கிராம், கேரட் 300 கிராம், பீன்ஸ் 200 கிராம், கோழி ஈரல் 75 கிராம் ஆகியவற்றைப் பாத்திரத்தில் இட்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரவு படுக்கும் முன் குறைந்த சூட்டில் எட்டு மணி நேரத்துக்கு வைத்துவிடுகிறேன். உப்பு, மசாலா எதுவும் சேர்ப்பதில்லை. விடியும்போது வீடு மணக்கிறது. நாய் சமையலறையை விட்டு நகர மறுக்கிறது.

மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, அரிசி களியாகிப் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது, மேலே நிற்கும் சாற்றில் கொழுப்பு மிதப்பதால் அதை வடித்துக் கொட்டிவிடுகிறேன். இது சரிதானா என்று தெரியவில்லை. மூன்றாவதுதான் என்னை உறுத்துகிறது. சென்ற வாரம் ஆண்டுப் பரிசோதனைக்குப் போனபோது, நான் எழுதிக் கொண்டுபோன பட்டியலைப் படித்துவிட்டு, "இதில் கால்சியம் எங்கே இருக்கிறது?" என்று மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என்னிடம் விடை இல்லை. எலும்போடு சேர்த்து ஒரு நாள் முழுக்க வேகவைத்தால் எலும்பு மாவாக உதிரும், கால்சியமும் கிடைத்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அவ்வாறு செய்து பார்த்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

பதிவு 2 — பழைய அடுப்பு

சாற்றைக் கொட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எட்டு மணி நேரம் நீரில் வெந்த கறியிலிருந்தும் காயிலிருந்தும் பி வகை வைட்டமின்கள், பொட்டாசியம், டாரின் போன்ற நீரில் கரையும் சத்துகளில் கணிசமான பங்கு அந்தச் சாற்றுக்குள் போயிருக்கும். வாணலியில் வறுத்தால் சத்து சூட்டில் அழியலாம். ஸ்லோ குக்கரிலோ மூடிக்குள் நீராவி கட்டுண்டு மீண்டும் பாத்திரத்திலேயே விழுவதால், சாறு வற்றுவதில்லை; சூட்டில் அழிந்தது போக, கரைந்தது எங்கும் போய்விடுவதில்லை, நாமாக வடித்துக் கொட்டினால் ஒழிய. கொழுப்பைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே, ஏனெனில் கொழுப்பு மிகுந்த உணவு சில நாய்களுக்குக் கணைய அழற்சியைத் தூண்டிவிடும். அதற்குச் சாற்றைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. சாற்றைத் தனியாக எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டாக உறைந்து நிற்கும். அதைக் கரண்டியால் எடுத்தெறிந்துவிட்டு மிச்சத்தை உணவோடு கலந்துவிடலாம்.

அரிசி களியாவது உங்கள் கண்ணுக்குத்தான் குறை. நன்றாகக் குழைந்த மாவுச்சத்து நாய்க்கு எளிதில் செரிக்கும். ஓநாய்களோடு ஒப்பிடும்போது நாய்களுக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவின் நகல்கள் பல மடங்கு கூடுதலாக இருப்பதை 2013ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. எனவே நாய்க்குச் சோறே ஆகாது என்று யாராவது இங்கே வந்து சொன்னால் அஞ்ச வேண்டாம். பாத்திரம் தேய்ப்பதுதான் உங்கள் வருத்தம் என்றால், அரிசியைத் தனியே வடித்து, காலையில் கலந்துகொள்ளுங்கள்.

எலும்பைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. மற்றவர்கள் முதலில் பேசட்டும்.

பதிவு 3 — கணக்குப்பிள்ளை

மருத்துவர் கேட்ட கேள்விக்கு எண்களால் விடை சொல்ல முயல்கிறேன். நாயின் அடிப்படை ஆற்றல் தேவையைக் கணக்கிட, உடல் எடையைக் கிலோவில் எடுத்து, அதன் 0.75ஆம் அடுக்கைக் கண்டு, 70ஆல் பெருக்குவது வழக்கம். 10 கிலோவுக்கு அது 394 கிலோ கலோரி. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்கினால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 630 கிலோ கலோரி கிடைக்கும். உங்கள் நாய் உறக்கப் பிரியர் என்பதால் இதற்கும் சற்றுக் குறைவாகவே தேவைப்படலாம். எடையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் பட்டியலிட்ட பொருள்களைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பாத்திரம் 3,500 கிலோ கலோரிக்குப் பக்கத்தில் வருகிறது. ஆகவே அது ஐந்தரை நாள் உணவு.

இனிக் கால்சியம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுகோலின்படி, வளர்ந்த நாய்க்கு 1,000 கிலோ கலோரிக்குக் குறைந்தது 1.25 கிராம் கால்சியம் வேண்டும். உங்கள் பாத்திரத்துக்கு 4.4 கிராம். இப்போது அதில் இருப்பதோ அரை கிராமைக்கூட எட்டாது. அதே வேளையில் கறி, அரிசி, ஈரல் மூன்றிலுமாகப் பாஸ்பரஸ் மூன்றரை கிராம் அளவுக்கு இருக்கிறது. கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதைவிடக் கூடுதலாக இரு மடங்குக்கு மிகாமலோ இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் உணவில் விகிதம் தலைகீழாக நிற்கிறது. உணவில் கிடைக்காத கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தின் அளவைச் சமன் செய்துகொள்வதால், நாய் பல மாதங்களுக்கு நலமாகவே தோன்றும். அதனால்தான் இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை.

தீர்வு எளிது. முட்டை ஓட்டைக் கழுவி, சூட்டடுப்பில் பத்து நிமிடம் உலர்த்தி, மாவுபோல நுண்ணியதாக அரைத்தால், ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கும். பாத்திரம் ஒன்றுக்கு இரண்டே கால் தேக்கரண்டி போதும். அப்போது விகிதம் 1.3க்கு வந்துவிடும். கரண்டியை நம்பாமல், சிறிய தராசில் 11 அல்லது 12 கிராம் என்று நிறுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

பதிவு 4 — சந்தேகி

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் கணக்குப்பிள்ளை கணக்கிட்டது ஒரே ஒரு தாதுவை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியினர் 2013ஆம் ஆண்டில், புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 95 விழுக்காட்டில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது; 83 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சத்துகள் குறைவாக இருந்தன. அந்தக் குறிப்புகளில் பலவற்றை எழுதியவர்கள் கால்நடை மருத்துவர்களே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். "முழுமையானது, சமச்சீரானது" என்று அச்சிட்ட தீவனப் பையை வாங்கிப் போட்டால் இந்தத் தராசு, முட்டை ஓடு எதுவும் வேண்டாம். அன்பால் சமைக்கிறோம் என்பது நமக்கு நிறைவு தரலாம். நாயின் எலும்பு அன்பைக் கொண்டு கட்டப்படுவதில்லை.

பதிவு 5 — வாலாட்டி

சந்தேகி அவர்களே, உங்கள் சொல் சுட்டாலும் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் நாய் உலர் தீவனத்தை மூன்று முறை மாற்றியும் தொடாததால்தான் நான் சமைக்கத் தொடங்கினேன். பழைய முறைக்குத் திரும்ப எனக்கு வழியில்லை. கால்சியம் தவிர வேறு எவை குறைகின்றன என்று யாராவது தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 6 — மருந்துச் சீட்டு

நான் கால்நடை மருத்துவத்தில் பணிபுரிகிறேன். நாயைப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பாத்திரத்துக்குத் தேவையான துத்தநாகம் ஏறத்தாழ 70 மில்லிகிராம். இருப்பது அதில் பாதியளவே. அயோடினும் வைட்டமின் டியும் இல்லை என்றே சொல்லலாம். வைட்டமின் ஈயும் போதாது. ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் கோழிக்கறியில் மிகக் குறைவு. மாறாக, ஈரலினால் வைட்டமின் ஏ போதுமான அளவுக்குக் கிடைக்கிறது. நாய் விரும்புகிறதே என்று ஈரலை இரட்டிப்பாக்க வேண்டாம். மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டுக்குள் நிற்பது நலம், ஏனெனில் வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போகும். ஈரலில் செம்பும் மிகுதி. சில இன நாய்களின் கல்லீரல் அதைத் தாங்காது.

இவற்றை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிப்பதைவிட, வீட்டுச் சமையலுக்கென்றே தயாரிக்கப்படும் வைட்டமின்–தாதுக் கலவைப் பொடி ஒன்றை, உங்கள் குறிப்போடு பொருத்திக் கணக்கிட்டுத் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் பொடியிலேயே கால்சியம் இருந்தால் முட்டை ஓட்டைச் சேர்க்கக் கூடாது. இரண்டையும் போட்டுவிட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மனிதருக்கான பல்சத்து மாத்திரையைப் பொடித்துப் போடுவது இதற்கு மாற்று அல்ல. எந்தப் பொடியானாலும், மீன் எண்ணெயானாலும், சமையல் முடிந்து உணவு ஆறிய பின்பே கலக்க வேண்டும். எட்டு மணி நேரச் சூட்டில் தயாமின் போன்றவை அழியும். மீன் எண்ணெய் கெட்டு வாடையடிக்கும்.

வளர்ந்த நாய்க்கு நாம் பேசும் இந்த எண்கள் எவையும் குட்டிகளுக்குப் பொருந்தா. குட்டிக்கு வெறும் கறியும் சோறும் கொடுத்தால் சில வாரங்களிலேயே எலும்பு வளைவதும் முறிவதும் நேரும். பெரிய இனக் குட்டிகளுக்கோ கால்சியம் மிகுந்தாலும் எலும்பு கெடும், ஏனெனில் மிகுதியை உள்ளே விடாமல் தடுக்கும் திறன் குட்டியின் குடலுக்கு இன்னும் வந்திருக்காது. சிறுநீரக நோய் உள்ள நாய்க்கும் இந்த இழையைப் பார்த்து யாரும் சமைக்க வேண்டாம்.

பதிவு 7 — இரவுச் சமையல்

எலும்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் செய்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். முழுக்கோழியை எலும்போடு 24 மணி நேரம் வைத்தேன். விலா எலும்புகளும் கழுத்தெலும்பும் விரலால் நசுக்கினால் உதிர்ந்தன, பெருமையாகத்தான் இருந்தது. தொடை எலும்பின் நடுப்பகுதி மட்டும் இளகவே இல்லை. முனைகள் மெத்தென்று இருந்ததால் முழுவதும் வெந்துவிட்டது என்று எண்ணி மசித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் நாய்க்கு மலம் இறங்கவில்லை. மூன்றாம் நாள் சுண்ணாம்புக் கட்டிபோல வந்தது. பிறகு மிச்ச உணவைச் சல்லடையில் இட்டுத் தேய்த்துப் பார்த்தபோது, பல் குத்தும் குச்சி அளவில் நான்கு சிம்புகள் கிடைத்தன. அன்றோடு விட்டுவிட்டேன்.

பதிவு 8 — பழைய அடுப்பு

நான் சொல்ல வந்ததும் இதுவே. வெந்த எலும்பு வளையாமல் கூராகப் பிளக்கும். அது குடலைக் குத்தினால் அறுவை சிகிச்சைதான். எந்த எலும்பு நசுங்கும், எது நசுங்காது என்பதை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிக் கண்டுபிடிப்பது சமையலாகாது, சூதாட்டமாகும். இன்னொன்றும் உண்டு. எலும்பை வேகவைத்து வடித்த சாற்றில் கால்சியம் நிறைந்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எலும்பிலிருந்து நீரில் இறங்குவது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதமே. அதனால்தான் சாறு ஆறியதும் கூழ்போல உறைகிறது. சிறிது புளிக்காடி சேர்த்தாலும் கால்சியம் பெரிதாகக் கரைந்துவிடுவதில்லை. சுவைக்கும் நீருக்கும் அது நல்ல பொருள். கால்சியத்துக்கு முட்டை ஓடே போதும்.

கடையில் விற்கும் சாற்றுக்கட்டியைச் சுவைக்காகக் கரைத்து ஊற்றுபவர்கள் அதன் உறையைப் படியுங்கள். உப்பும் வெங்காயத் தூளும் இல்லாத கட்டியைக் காண்பது அரிது.

பதிவு 9 — ஈரமூக்கு

வெங்காயம் கூடாது என்பது தெரியும். ஆனால் பூண்டு ஒரு பல் போட்டால் தெள்ளுப்பூச்சி அண்டாது என்கிறார்களே? ஸ்லோ குக்கரில் பல மணி நேரம் வெந்தால் அதன் வீரியம் போய்விடாதா? மேலும், நான் கறியைக் குறைத்து, ஊறவைத்த சிவப்பு ராஜ்மாவை நேரடியாகக் குக்கரில் போடலாம் என்று எண்ணுகிறேன். மலிவு, புரதமும் உண்டு.

பதிவு 10 — மருந்துச் சீட்டு

இரண்டையும் செய்ய வேண்டாம். வெங்காயக் குடும்பத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; வேகவைத்தாலும், உலர்த்தினாலும், பொடித்தாலும் அவை அழிவதில்லை. தெள்ளுப்பூச்சிக்கு முறையான மருந்துகள் இருக்கும்போது, பலனும் உறுதியில்லாத பூண்டை நம்பி நாயின் இரத்தத்தைப் பணயம் வைப்பானேன்?

ராஜ்மாவைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது ஸ்லோ குக்கருக்கே உரிய ஆபத்து. வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சுப் புரதம் ஒன்று இருக்கிறது. கொதிநிலையில் அது அழியும். கொதிக்காமல் 80 பாகை அளவில் நெடுநேரம் கிடந்தால் அழியாததோடு, வேகாத ராஜ்மாவில் இருந்ததைவிட நச்சுத்தன்மை கூடவும் வாய்ப்புண்டு. தொட்டால் மெத்தென்று இருக்கும் என்பதால் வெந்ததாகவே தோன்றும். மனிதருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே குக்கரில் இட வேண்டும். கறிக்கு மாற்றாகப் பருப்பையும் பயற்றையும் முதன்மையாக்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த, தானியமில்லாத தீவனங்களுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியது. காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை. நிறுவப்படும்வரை அளவோடு நிற்பதில் நட்டமில்லை.

பதிவு 11 — கணக்குப்பிள்ளை

பாத்திரத்தைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டும். குறைந்த சூடு, மிகுந்த சூடு என்னும் இரண்டு நிலைகளும் பல கருவிகளில் கடைசியில் கொதிநிலையை ஒட்டிய ஒரே வெப்பத்தைத்தான் அடைகின்றன. அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் வேறுபடுகிறது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் நுண்ணுயிர்கள் பெருகும் என்பதால், அந்த இடைவெளியைக் கறி விரைவாகக் கடக்க வேண்டும். ஆகவே உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைவு நீக்கியே போட வேண்டும். இரவு பத்து மணிக்கே பொருள்களை நிரப்பிவிட்டு, விடியற்காலையில் தானாக இயங்கும்படி நேரம் குறித்து வைப்பதும் கூடாது. பாத்திரத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பவர்கள், ஒவ்வொரு திறப்புக்கும் இருபது நிமிடமாவது கூடுதலாகச் சமைக்க வேண்டியிருக்கும். கோழிக்கறியின் நடுவே வெப்பமானியைச் செருகினால் 74 பாகையாவது காட்ட வேண்டும். இரவில் மின்சாரம் போய், எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியாவிட்டால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

ஆறவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கனத்த பீங்கான் பாத்திரம் சூட்டை விடாது; அதை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் நடுவிலுள்ள உணவு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், பாத்திரமும் விரிசல் விடலாம். அகலமான தட்டங்களில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மூன்று நாளுக்கு உரியதை மட்டும் குளிரிலும், மற்றதை உறைபெட்டியிலும் வைப்பது பாதுகாப்பு. மீண்டும் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள். அது சூடேற எடுக்கும் நேரமே போதும், கெட்டுப்போக.

பதிவு 12 — சந்தேகி

இவ்வளவையும் படித்த பிறகு என் நிலையைச் சற்றே மாற்றிக்கொள்கிறேன். தராசும் பொடியும் வைத்துக்கொண்டு செய்பவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. "கண்ணளவு போதும்" என்பவர்களோடுதான் பிணக்கு. இரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு. நாளின் மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குள் வீட்டு உணவைத் தீவனத்தின் மேல் ஊற்றிக் கொடுத்தால், சத்துக் கணக்கு பெரிதாகக் குலையாது. 630 கிலோ கலோரி உண்ணும் நாய்க்கு அது 63. ஒரு சிறிய கரண்டிக் கறியும் சாறும். தீவனத்தைத் தொடாத நாய்கூட, கொழுப்பு நீக்கிய சூடான சாற்றை ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவைத்தால் மனம் மாறலாம். வாலாட்டி அவர்கள் இதை ஒருமுறை முயலலாமே?

பதிவு 13 — வாலாட்டி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. சந்தேகி அவர்கள் சொன்னதை முயன்றேன். சாற்றை மட்டும் நக்கிக் குடித்துவிட்டு, ஊறிய தீவனத்தை ஒவ்வொன்றாகக் கிண்ணத்துக்கு வெளியே எடுத்து வைத்தது. ஆகவே சமையல் தொடர்கிறது.

மருத்துவர் என் பட்டியலைக் கணக்கிட்டு ஒரு கலவைப் பொடியைக் குறித்துக் கொடுத்தார். அதில் கால்சியம் இருப்பதால் முட்டை ஓடு வேண்டாம் என்றார். இங்கே முன்பே படித்திருந்ததால் அதைக் கேட்டு வியக்கவில்லை. வாரம் இருமுறை எலும்பில்லாத மத்தி மீன் சிறிதளவு சேர்க்கிறேன். புதுப் பொடியின் வாடைக்கு நாய் பழகுவதற்காக, முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் அரைப் பங்கு என்று பத்து நாளில் முழு அளவுக்கு வந்தேன். வயிறு ஒருமுறைகூடக் கெடவில்லை. எடை 200 கிராம் குறைந்திருக்கிறது. குறைய வேண்டியதுதான் என்றார் மருத்துவர்.

நானாகக் கண்டுபிடித்த ஒரு சிறு உத்தியையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் நீரின் அளவு சற்று மாறுவதால், கிண்ணக் கணக்கில் பரிமாறினால் ஒரு வாரம் கெட்டியாகவும் மறுவாரம் நீர்த்தும் அமைந்து, கலோரி கூடிக் குறைந்தது. இப்போது சமைத்து முடித்ததும், கொழுப்பு நீக்கிய சாறு உள்பட மொத்தத்தையும் நிறுத்து, ஐந்தரையால் வகுத்து, அந்த எடைக்குப் பெட்டிகளில் அடைத்துத் தேதி எழுதி விடுகிறேன். அந்த அரை நாள் பங்கைத் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் திட்டமிடுகிறேன். நான் பெட்டிகளுக்கு மூடி தேடிக்கொண்டிருக்கும்போதே, அதை வீட்டிலுள்ள மற்றவர்கள் நாய்க்கு ஊட்டி முடித்துவிடுகிறார்கள்.